பசை தடவிய பக்கம்

"என் கதையை எடுத்துட்டு வாங்க. நான் பார்க்கணும்."

இதை மட்டும் கேட்டுவிடாதே என்று எனக்குச் சொல்லாத ஆள் இல்லை. கதை எழுதுகிறவர்கள் கூடும் எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ஒருவர் இருக்கிறார். நாடகமாக எடுக்க இந்தத் தொலைக்காட்சி நடத்தும் கதைப் போட்டிக்கு ஏழு வருடம் விடாமல் எழுதிப் போட்டவர். அதனால் அவருக்கு ஏழுதரம் என்றே பெயர். அவர் சொல்வார்: "தோத்தா தோத்துட்டுப் போ. ஏன்னு மட்டும் கேக்காத. போட்ட கதையைக் கண்ணால பாக்கணும்னு கேக்கவே கேக்காத. கேட்டவங்க பேரையெல்லாம் தனியா ஒரு நோட்டுல எழுதி வெச்சிருக்காங்களாம். அப்புறம் ஜென்மத்துக்கும் உள்ள விடமாட்டாங்க." அந்த நோட்டைப் பார்த்தவர் யாரும் இல்லை. பேயைக் கூடத்தான் யாரும் பார்த்ததில்லை. பயப்படாமலா இருக்கிறோம்?

தொலைக்காட்சி அலுவலகத்தின் மூன்றாவது மாடி. மூன்று நாற்காலி, இலைகளில் தூசி படிந்த ஒரு பிளாஸ்டிக் செடி, தம்ளர் இல்லாத தண்ணீர் இயந்திரம். சுவர் முழுக்க நாடக நடிகர்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். மேசைக்குப் பின்னால் இருந்த அக்காவுக்கு நாற்பது வயதிருக்கும். கொண்டையில் ஒரு பென்சிலைச் செருகியிருந்தார். நான் கேட்டதைக் கேட்டு அவர் அதிர்ச்சி ஒன்றும் அடையவில்லை. போட்டி விதிகள் அச்சடித்த தாளை என் பக்கம் நகர்த்தினார்.

"பதினோராவது விதி. படிச்சீங்களா?"

"படிச்சேன். அனுப்பின படைப்பு எதையும் திருப்பி அனுப்ப மாட்டோம்னு இருக்கு. நான் அனுப்பச் சொல்லலையே. நேர்ல வந்திருக்கேன். காட்டுங்கன்னுதான் கேக்கறேன்."

"வக்கீலுக்குப் படிச்சீங்களா?"

"இல்ல. மனு எழுதிப் பழக்கம்."

அது உண்மை. எங்கள் வீட்டில் முதல் பட்டம் என்னுடையது. வீட்டில் என்ன, நாங்கள் குடியிருக்கும் வரிசையிலேயே முதல் பட்டம். பட்டம் வாங்கி வந்த வாரமே பக்கத்து வீட்டுக்காரர் தெருவிளக்குக்கு ஒரு மனு எழுதித் தரச் சொல்லி வந்து நின்றார். விளக்கு எரிந்தது. அதோடு தொலைந்தேன். சாக்கடை அடைப்பு, ஓய்வூதியம், பள்ளிக்கூடத்தில் இடம், எதுவானாலும் என் வீட்டு வாசல்தான். என் பெயரை மறந்து எல்லோரும் மனுக்காரி என்கிறார்கள். நான் எழுதிய மனுக்களுக்கெல்லாம் ஏதோ ஒரு பதில் வந்திருக்கிறது. கதைகளுக்குத்தான் வந்ததில்லை. மூன்று வருடம், மூன்று கதை, ஒரே அச்சில் வார்த்த மூன்று கடிதங்கள். 'தங்கள் படைப்பு அடுத்த சுற்றுக்குத் தேர்வாகவில்லை என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம்.' யார் வருத்தப்பட்டார்கள்? எத்தனையாவது பக்கத்தில் வருத்தப்பட்டார்கள்? அதைத்தான் எனக்குத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

தெரிந்துகொள்ள இந்தத் தடவை ஒரு வழி வைத்திருந்தேன்.

அதுவும் ஏழுதரம் சொல்லிக் கொடுத்ததுதான். கதையின் நடுவில் இரண்டு பக்கங்களுக்கு இடையே கடுகளவு பசை. படிக்கிறவர் அந்த இடம் வரை வந்தால் பிரித்துத்தான் ஆகவேண்டும். பிரிக்காமல் இருந்தால் யாரும் படிக்கவில்லை என்று அர்த்தம். "கதையைத்தான் திருப்பித் தரமாட்டாங்களே, அப்புறம் எப்படித் தெரியும்?" என்று கேட்டேன். சிறிது யோசித்துவிட்டு, "ஒரு மனத்திருப்திதான்" என்றார். முதல் இரண்டு வருடம் நான் பசை போடவில்லை. மூன்றாவது வருடம் போட்டேன். கடுகளவு இல்லை, கோபத்தில் கொஞ்சம் தாராளமாகவே.

புதன்கிழமை மூன்றாவது கடிதம் வந்தது. அன்றே அம்மாவிடம் சொல்லிவிட்டேன். "வெள்ளிக்கிழமை நேர்ல போறேன். பக்கம் ஒட்டினபடியே இருந்தா, இதோட எழுதறதை விட்டுடறேன்."

அம்மா ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் வேலை பார்க்கிறாள். நாள் முழுக்க நின்றுகொண்டே விரிப்பு மடிக்கிற வேலை. வந்ததும் வாளித் தண்ணீரில் காலை வைத்துக்கொண்டு உட்காருவாள். நான் எழுதியதையெல்லாம் அந்த வாளி பக்கத்தில் உட்கார்ந்துதான் வாசித்துக் காட்டுவேன். "விடறதும் விடாததும் உன் இஷ்டம்" என்றாள். "ஆனா கோவத்துல விடாத. கோவத்துல விட்டது திரும்ப வந்து கதவைத் தட்டும்."

இப்போது அந்த மேசைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தேன்.

"கதையை வீட்டுக்கு எடுத்துட்டுப் போகமாட்டேன் அக்கா. ஒரே ஒரு இடம் பாக்கணும். இருபத்திரண்டாம் பக்கமும் இருபத்து மூணும். பாத்துட்டுப் போயிடறேன்."

அக்கா முதன்முறையாக என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"நூத்தி நாப்பத்தாறா?"

போட்டியில் நமக்குப் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். யார் எந்த எண் என்பது உள்ளே இருக்கும் பொறுப்பாளரின் பெட்டிக்குள் பூட்டிக் கிடக்கும். நான் இன்னும் என் எண்ணைச் சொல்லவே இல்லை.

அக்கா குனிந்து மேசையின் கடைசி இழுப்பறையைத் திறந்தார். மேலே கிடந்த ஒரு மடித்த சால்வையை எடுத்து வைத்துவிட்டு, அடியிலிருந்து என் கதையை எடுத்தார். மூலையில் நான் குத்திய அதே பித்தளை ஊசி.

"தேறாததெல்லாம் கிழிக்கிற மெஷினுக்குப் போகணும். இதைப் போட மனசு வரலை" என்றார்.

வாங்கிப் புரட்டினேன். இருபத்திரண்டு பிரிந்திருந்தது. இழுத்துக் கிழித்தாற்போல இல்லை. ஸ்கேலை உள்ளே விட்டு ஓரம் ஓரமாக, நேரம் எடுத்துப் பிரித்திருந்தார்கள். ஆனாலும் நான் தாராளமாகத் தடவிய பசை தன் வேலையைக் காட்டியிருந்தது. இருபத்து மூன்றாம் பக்கத்தின் நடுவில் மூன்று வரி அச்சு தோலோடு உரிந்து போயிருந்தது. உரிந்த இடத்தில் வெள்ளைத் தழும்பு. அந்தத் தழும்பின் மேல், பென்சிலில், சின்னக் கையெழுத்தில் ஒரே ஒரு வரி.

'மகள்: முனையை விட்டுடாதம்மா.'

அந்தக் காட்சி என்னவென்று சொல்லிவிடுகிறேன். சலவைப் பிரிவில் வேலை பார்க்கும் அம்மாவுக்கு உதவியாக ஒருநாள் மகள் போகிறாள். இருவரும் ஒரு பெரிய விரிப்பின் இரண்டிரண்டு முனைகளைப் பிடித்துக்கொண்டு எதிரெதிரே நிற்கிறார்கள். காலையில் நடந்த சண்டைக்குப் பிறகு அவர்கள் பேசிக்கொள்ளவில்லை. மடிக்க மடிக்க ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வரவேண்டும். அந்த இடத்தில் நான் மகளைப் பேச வைத்திருந்தேன். நான் பட்டம் வாங்கிவிட்டேன், இனி உன் கண்ணில் ஒரு துளி வரவிடமாட்டேன் என்று முழங்கி முடிப்பாள். அதை எழுதிவிட்டு நானே அழுதேன். அம்மாவுக்கு வாசித்துக் காட்டியபோது அவள் அழவில்லை. "அந்தப் பொண்ணு ஏன் இவ்ளோ பேசறா? விரிப்பு மடிக்கறப்போ நாங்க யாரும் பேசமாட்டோம். பேசினா முனை கோணிக்கும்" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. "இது டிவிம்மா, பேசித்தான் ஆகணும்" என்று வாயை அடைத்துவிட்டேன்.

இப்போது முன்பின் தெரியாத ஒருவர், என் முழக்கம் உரிந்து போன இடத்தில், அதற்கு முந்தைய இருபத்திரண்டு பக்கங்களையும் படித்து, அந்தப் பெண் என்ன சொல்வாள் என்று யோசித்து, என் அம்மா சொன்ன அந்த முனையையே எழுதி வைத்திருந்தார்.

"யாரு எழுதினது?" என்று கேட்டேன். கொண்டையில் பென்சில் இருக்கிறது, கேட்கிறேன் பார்.

"நான்தான். எழுதியிருக்கக் கூடாது." அக்கா குரலைத் தாழ்த்திக்கொண்டார். "முதல் சுற்றுல படிக்கிற ஆளு நான். பக்கம் குறைஞ்சாலோ வரி அழிஞ்சாலோ அப்பவே தள்ளிடணும்னு விதி. தள்ள முடியலை. உன்னைக் கேக்கலாம்னா பேரு தெரியாது. அப்புறம் வேணா அழிச்சுக்கலாம்னு பென்சில்ல எழுதி, மார்க் போட்டு மேல அனுப்பிட்டேன். நடுவர்களுக்கு நகல் எடுக்கறதுக்கு முன்னாடி பொறுப்பாளர் ஒவ்வொரு பக்கமா புரட்டுவாருன்னு எனக்குத் தெரியாது. டைப் அடிச்ச கதையில கையெழுத்து இருந்தா ஒன்பதாவது விதிப்படி வெளிய. உன் கதை போச்சு. என்னையும் இந்த வருஷத்துக்குப் படிக்கிற வேலையிலேருந்து எடுத்து இங்க உக்கார வெச்சுட்டாரு. என்னாலதான்மா போச்சு. திட்டணும்னா திட்டிக்கோ."

நான் நன்றாகத் திட்டுவேன். எங்கள் வரிசையில் கேட்டுப் பாருங்கள். படியேறும்போதுகூட என்னென்ன சொல்வது என்று கோத்து வைத்துக்கொண்டுதான் வந்தேன். ஒன்றும் வரவில்லை. நான் பசை போட்டேன், இவர் பென்சில் எடுத்தார். இரண்டும் சேர்ந்து என் கதையைக் கொன்றிருக்கின்றன. ஆனால் மூன்று வருடத்தில் முதல்முறையாக என் கதைக்காக ஒரு ஆள் தப்புச் செய்திருக்கிறார். அதை நினைத்தபோது வந்தது நிச்சயமாகக் கோபம் இல்லை.

"பசையைப் பாத்ததும் உங்களுக்குக் கோவம் வரலையா?"

"இந்த வருஷம் மட்டும் நாப்பது கதையில பசை. ஒருத்தர் நடுவுல ஒரு பக்கத்தைத் தலைகீழா வெச்சிருந்தாரு. நானும் தலையைச் சாய்ச்சுப் படிச்சேன். ஒருத்தர் எழுபதாம் பக்கத்துல 'இதைப் படிக்கிற ஆள் ஒரு மூடர்'னு எழுதியிருந்தாரு. இன்னொருத்தர் வருஷா வருஷம் பக்கத்துக்கு நடுவுல ஒரு முடி வைப்பாரு. நான் வந்து ஆறு வருஷம் ஆச்சு. மொதல்ல கறுப்பு முடி. இப்ப நரைச்சுப் போச்சு."

எனக்கு அது யாருடைய தலை என்று உடனே தெரிந்துவிட்டது. எங்களுக்கெல்லாம் பசையைச் சொல்லிவிட்டு, தனக்கு மட்டும் முடியை வைத்திருக்கிறார்.

"அந்த முடியெல்லாம்?"

"படிச்சு முடிச்சதும் அதே இடத்துல வெச்சுடுவேன். அவரு வெச்சது, எதுக்குத் தொலைக்கணும்."

"நல்லா எழுதறாரா அக்கா?"

"நல்லா ஆரம்பிப்பாரு" என்றார் அக்கா.

அதற்குள் உள்ளேயிருந்து பொறுப்பாளர் வந்தார். இஸ்திரி குலையாத சட்டை, பஞ்சு போன்ற குரல். என் கையில் கதை இருப்பதைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், சிரித்தார். "உள்ள வாங்கம்மா. நின்னுக்கிட்டே எதுக்கு?"

கண்ணாடி அறையில் என்னை உட்கார வைத்துவிட்டு, ஒரு கோப்பைத் திறந்து என் பக்கம் திருப்பினார். முதல் சுற்று மதிப்பெண் பட்டியல். நூற்று நாற்பத்தாறுக்கு எதிரே எண்பத்தெட்டு. அதற்கு மேல் வேறு எண் இல்லை.

"மொத்தத்துலயே இதுதான் அதிகம்" என்றார். "பாவம், நம்ம ஊழியர் பண்ணின தப்புக்கு நீங்க தண்டனை அனுபவிக்கிறீங்க. எனக்கே மனசு கேக்கலை. ஒண்ணு பண்ணலாம். திங்கக்கிழமைதான் நடுவர்கள் உக்காரறாங்க. நீங்க ஒரு புகார் எழுதிக் குடுங்க. என் அனுமதி இல்லாம உங்க ஊழியர் என் கதையில கைவெச்சுட்டாங்கன்னு. உங்க பக்கம் தப்பில்லைன்னு ஆயிடும். அந்தப் பக்கத்தைப் புதுசா அடிச்சு உள்ள வெச்சு நானே அனுப்பிடறேன்."

"அவங்களுக்கு என்ன ஆகும் சார்?"

"அவங்க தற்காலிகம்தானே. அதெல்லாம் நீங்க யோசிக்காதீங்க."

ஆறு வருடமாகத் தற்காலிகம்.

வெள்ளைத் தாளும் பேனாவும் வந்தன. நான் உத்தமி என்று சொல்லிக்கொள்ளப் போவதில்லை. ஆசை வந்தது. திங்கட்கிழமை. நடுவர்கள். என் அம்மாவின் சலவைப் பிரிவு திரையில். பேனாவைத் தொட்டதும் கை தானாக ஓட ஆரம்பித்தது. 'ஐயா, வணக்கம். நூற்று நாற்பத்தாறாம் எண்ணுள்ள கதை என்னுடையது.' அடுத்த வரியும் விரல் நுனியில் தயாராக இருந்தது. ஒரு தாலுகா அலுவலகத்தையே ஆட்டியெடுத்த கை. தற்காலிக ஊழியர் ஒருவர் எம்மாத்திரம்?

எழுதுவதற்கு முன்பு, ஒரு பழக்கத்தில், கதையைத் திறந்து பக்க எண்ணைச் சரிபார்த்தேன். இருபத்து மூன்று. 'முனையை விட்டுடாதம்மா.' அதற்குமேல் என் கையை யாரும் பிடித்து நிறுத்த வேண்டியிருக்கவில்லை.

எழுதி முடித்துக் கொடுத்தேன். அவர் படித்தார். பஞ்சுக் குரலில் கொஞ்சம் முள் தட்டியது.

"இது புகார் இல்லையே."

"இல்ல சார். நடந்தது."

"பசை தடவினது நீங்கன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. இதை வெச்சுக்கிட்டு நான் உங்க கதையை எப்படி அனுப்பறது? நீங்களே உங்க கதையைச் சேதப்படுத்தினதா ஆகுது."

"தெரியும் சார். அவங்க கைவெக்கறதுக்கு முன்னாடியே கெட்டுப் போன பக்கம் அது. அதனால அவங்க மேல நடவடிக்கைக்கு இதுல இடமில்லை. அதையும் பாத்துக்கோங்க."

"நல்லா யோசிச்சுக்கோங்கம்மா. அடுத்த வருஷமும் நீங்க இங்கதான் வரணும்."

"நோட்டுல எழுதிக்கோங்க சார்."

"எந்த நோட்டு?" என்றார் அவர். நிஜமாகவே விழித்தார்.

அப்படி ஒரு நோட்டே இல்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏழு வருடம் ஒரு மனிதரைப் பயமுறுத்திய நோட்டு.

மனு கொடுத்தால் பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்காமல் நான் எந்த அலுவலகத்தையும் விட்டு வந்ததில்லை. முத்திரை இல்லாத மனு குப்பைக் கூடைக்குப் போகும், முத்திரை விழுந்தது கோப்புக்குப் போகும். "இதுக்கு முத்திரை வேணும் சார், நகல்லயும்" என்றேன். முத்திரை வெளி மேசையில்தான் இருந்தது. அவர் வேண்டாவெறுப்பாகத் தாளை நகலெடுத்து, இரண்டையும் என்னிடமே கொடுத்து அனுப்பினார்.

மேசையில் வைத்தேன். அக்கா முத்திரையை எடுத்தார். ஆனால் குத்தவில்லை. படிக்காமல் எதையும் அடுத்த இடத்துக்கு அனுப்பாத ஆள். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் எழுத்திலிருந்து ஆரம்பித்தார்.

'ஐயா, வணக்கம். நூற்று நாற்பத்தாறாம் எண்ணுள்ள கதை என்னுடையது. அதன் இருபத்திரண்டாம், இருபத்து மூன்றாம் பக்கங்களுக்கு நடுவில் பசை தடவியவள் நான். யாராவது படிக்கிறார்களா என்று பார்க்கத் தடவினேன். பக்கம் கெட்டது அதனால்தான். படித்திருக்கிறார்கள். எனக்கு யார் மீதும் புகார் இல்லை. நன்றி.'

அக்கா நேரம் எடுத்துக்கொண்டார். அது பத்து வரிகூட வராத தாள். பிறகு கண்ணாடியைக் கழற்றி, சால்வை நுனியால் துடைத்தார். கண்ணாடியில் அழுக்கு எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை.

"கடைசிக்கு முந்தின வரி தேவையில்லை" என்றார். "'படித்திருக்கிறார்கள்'லயே முடிஞ்சு போச்சு."

"அது இருக்கட்டும் அக்கா. உள்ள இருக்கறவருக்குப் புரியணுமே."

முத்திரை இரண்டு தாளிலும் அழுத்தமாக விழுந்தது. நகலை மடித்துப் பையில் போட்டேன். கதையையும் எடுத்துக்கொண்டேன். அக்கா கண்ணாடி அறையை ஒருதரம் பார்த்துவிட்டு, "பதினோராவது விதி" என்றார், சும்மா ஒரு கடமைக்கு.

"திருப்பி அனுப்ப மாட்டீங்கன்னுதானே இருக்கு. நானே எடுத்துட்டுப் போறேன்."

"போ. மனுக்காரியோட யார் மல்லுக்கு நிக்கறது." பிறகு, நான் திரும்பி இரண்டடி வைத்ததும், "ஏய், பத்தாம் பக்கத்துல அந்த டாக்டர் எதுக்கு? நாலு பக்கம் புத்திமதி சொல்றாரு. தூக்கிடு" என்றார்.

"தூக்கிடறேன். அந்தப் பென்சில் வரியை நான் வெச்சுக்கட்டுமா?"

"அதை நான் யோசிச்சு எழுதலை. அதுக்கு முன்னாடி நீ எழுதியிருந்ததுலேருந்து வந்துச்சு. உன்னோடதுதான்."

கும்பிட வேண்டும்போல இருந்தது. கும்பிட்டால் அவருக்குக் கூச்சமாகப் போகும் என்று, தண்ணீர் இயந்திரத்துக்கு ஒரு தம்ளர் கேட்டு மனு எழுதட்டுமா என்று மட்டும் கேட்டேன். அக்கா சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் சொல்லவேண்டும். யாரும் பசை போடவேண்டாம். பக்கத்தைத் தலைகீழாக வைக்கவேண்டாம். ஏழுதரம் அண்ணன் தலையில் மிச்சமிருக்கும் முடியை வீணாக்க வேண்டாம், எல்லாவற்றையும் கடைசி வரைக்கும் படிக்கிற ஒரு ஆள் இருக்கிறார், அடுத்த வருடம் முடிவை மட்டும் கொஞ்சம் பார்த்து எழுதுங்கள் என்று சொல்லவேண்டும். அம்மாவிடம் என்ன சொல்வது என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. இன்றைக்கு வாளி பக்கத்தில் உட்கார்ந்து இருபத்து மூன்றாம் பக்கத்தைத் திரும்ப வாசித்துக் காட்டினாலே போதும்.

மின்தூக்கி வர நேரமாகும்போல் இருந்தது. படியிலேயே இறங்கினேன். இரண்டாவது மாடித் திருப்பத்துக்கு வருவதற்குள் பேனாவை எடுத்து, நடந்துகொண்டே, பத்தாம் பக்கத்து டாக்டரின் மேல் குறுக்கே ஒரு கோடு போட்டிருந்தேன்.